ஒரே அக்கா, இரண்டு லேப், இரண்டு டிஎஸ்ஏ எண்: எதை நம்புவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, கிட்னி தரப்போவது அவர் கணவர். இரண்டு பிள்ளைகள், இடையில் ரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள். சிடிசி கிராஸ்மேட்ச், அதாவது நோயாளியின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதி) டோனரின் (கிட்னி தருபவரின்) அணுக்களைக் கொல்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், நெகட்டிவ். டிஎஸ்ஏ டெஸ்ட்டில் (டோனருக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், நோயாளியின் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) மட்டும் ஒரு லேப், கணவரிடம் உள்ள டிக்யூ7-க்கு (எச்எல்ஏ எனப்படும், அணுவின் மேல் உள்ள அடையாளப் புரதங்களில் ஒன்று) எதிராக 1,400 எம்எஃப்ஐ (இந்த டெஸ்ட் தரும் எண்) என்கிறது; மூன்று வாரம் கழித்து வேறொரு லேப் அதே டிக்யூ7-க்கு 9,800 என்கிறது. "ஏழு மடங்கு வித்தியாசம் வருகிற டெஸ்ட்டை வைத்து எப்படி முடிவெடுப்பது, இதைச் சரிசெய்ய யாரும் எதுவும் செய்யவில்லையா?" என்று முடித்திருக்கிறீர்கள். எந்த லேப் தப்பு என்று கேட்பது போல இருந்தாலும், இந்த எம்எஃப்ஐ உண்மையில் எதை அளக்கிறது, அதை எப்போது நம்பலாம், நம்ப வைக்க லேப் என்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் திசுப் பொருத்த ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன், டாக்டர் இல்லை. அதனால் ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்பதை உங்கள் நெஃப்ராலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்து, டெஸ்ட்டின் பெயரைப் படியுங்கள். "டிஎஸ்ஏ" என்ற ஒரே பெயரில் நம் ஊரில் இரண்டு வேறு டெஸ்ட்டுகள் நடக்கின்றன. ஒன்றில், டோனரின் வெள்ளணுக்களை உடைத்துக் கரைத்து, அதில் உள்ள எச்எல்ஏ புரதங்களைப் பிளாஸ்டிக் மணிகளில் பிடித்துவைத்து, அதன் மேல் நோயாளியின் சீரத்தை விடுவார்கள். லைசேட் கிராஸ்மேட்ச், லூமினெக்ஸ் கிராஸ்மேட்ச் என்றெல்லாம் எழுதியிருக்கும். இன்னொன்று சிங்கிள் ஆன்டிஜன் பீட். அதில் டோனரின் அணுவே தேவையில்லை, கிட் கம்பெனியே ஒவ்வொரு மணியிலும் ஒரே ஒரு எச்எல்ஏ புரதத்தைப் பூசி அனுப்பிவிடும். இரண்டுமே எம்எஃப்ஐ-யில்தான் விடை தரும், ஆனால் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. லைசேட் முறை விலை குறைவு, அதனால் பரவலாக நடக்கிறது. ஆனால் டிக்யூ, டிபி ஆன்டிபாடிகளைப் பிடிப்பதில் அது பலவீனமானது. உங்கள் முதல் ரிப்போர்ட் லைசேட்டாகவும் இரண்டாவது சிங்கிள் ஆன்டிஜனாகவும் இருந்தால் பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். லைசேட் ரிப்போர்ட்டில் பொதுவாக வகுப்பு 1, வகுப்பு 2 என்றுதான் வரும், டிக்யூ7 என்று பெயர் சொல்லி வராது. நீங்கள் இரண்டிலுமே டிக்யூ7 என்று எழுதியிருப்பதால் இரண்டும் சிங்கிள் ஆன்டிஜன்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சிடிசி நெகட்டிவ் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருப்பது தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதும் புரியும். 1964-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பால் டெரசாகி என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை பார்த்த மெக்லெலண்டும், ஒரு மைக்ரோலிட்டர் சீரத்தை வைத்தே இந்த டெஸ்ட்டைச் செய்துவிடும் முறையை வெளியிட்டார்கள். டோனரின் அணு, நோயாளியின் சீரம், முயலின் காம்ப்ளிமென்ட் (ஆன்டிபாடி ஒட்டிய அணுவைத் தாக்கும் ரத்தப் புரதங்கள்) மூன்றையும் சின்னஞ்சிறு குழியில் கலந்து, அணு செத்ததா என்று சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது. (டெரசாகி இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகக் குடும்பத்தோடு அரிசோனா பாலைவன முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன். இன்றும் லேப்களில் அந்தக் குழித்தட்டுக்கு டெரசாகி டிரே என்றுதான் பெயர்.) 1969-இல் அவரும் பட்டேலும் வெளியிட்ட கணக்குதான் இந்தத் துறையையே மாற்றியது: கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் மாற்றிய 30 கிட்னிகளில் 24 உடனடியாகச் செயலிழந்தன, நெகட்டிவான 195-இல் 8 மட்டும். அதற்கப்புறம் கிராஸ்மேட்ச் பார்க்காமல் கிட்னி வைப்பது என்பதே ஏறக்குறைய நின்றுபோனது. ஆக, சிடிசி நெகட்டிவ் என்றால் ஆபரேஷன் டேபிளிலேயே கிட்னி கறுத்துப்போகும் அந்தப் பயங்கரம் நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அர்த்தம். அதற்கு மேல் அது வாக்குறுதி தரவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. டிக்யூ என்பது வகுப்பு 2 எச்எல்ஏ. ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட்டுகளில் (வெள்ளணுவின் ஒரு வகை) பெரும்பான்மை டி அணுக்கள், சாதாரண நிலையில் அவற்றின் மேல் வகுப்பு 2 கிடையாது. பி அணுக்களில் உண்டு, ஆனால் அவை பத்தில் ஒன்று, ஒன்றரை என்ற அளவில்தான் இருக்கும். லேப், டி அணுக்களை மட்டும் வைத்தோ, எல்லா லிம்ஃபோசைட்டையும் பிரிக்காமல் கலந்தோ சிடிசி செய்திருந்தால், டிக்யூ7 ஆன்டிபாடி வந்த சுவடே தெரியாமல் போயிருக்கும். எனவே சிடிசி நெகட்டிவும், டிக்யூ7 பாசிட்டிவும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஃப்ளோ கிராஸ்மேட்ச் செய்தார்களா, அதில் டி, பி இரண்டையும் தனித்தனியாகச் சொன்னார்களா என்று கேளுங்கள். 1980-களில் வந்த அந்த முறையில் அணு சாகிறதா என்று பார்ப்பதில்லை, அணுவின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று லேசர் வைத்துப் பார்ப்பார்கள், சிடிசியைவிட நுணுக்கமானது. பி அணுவின் மேற்பரப்பில் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் வேறு ஏற்பிகளும் இருப்பதால் அங்கே பொய்யான பாசிட்டிவ் வரும், அதைக் குறைக்க ப்ரோனேஸ் என்ற நொதியில் அணுவைக் கழுவுவார்கள். கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்து லேப் ஒன்று இந்த மாதிரிச் சின்னச் சின்னப் படிகளையெல்லாம் சீராக்கி வெளியிட்ட செய்முறையைப் பல நாடுகளில் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எம்எஃப்ஐ-க்கு வருவோம். மணிகள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே சாயக் கலவை வேறு வேறு. அதை வைத்துத்தான் இது டிக்யூ7 மணி, இது ஏ2 மணி என்று கருவி அடையாளம் காண்கிறது. சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் தனக்குரிய மணியில் போய் ஒட்டும். ஒட்டாததைக் கழுவிவிட்டு, மனித ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை, ஒளிரும் பொருள் கோத்து, மேலே விடுவார்கள். மணி எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் நடுமதிப்புதான் எம்எஃப்ஐ. கவனியுங்கள், ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் ஆன்டிபாடி என்று இதில் எங்கேயும் வரவில்லை. கிரியாட்டினின் 6 என்றால் அது ஓர் அளவு, எந்த லேபிலும் கிட்டத்தட்ட அதேதான் வர வேண்டும். எம்எஃப்ஐ அப்படி இல்லை. மணியில் எவ்வளவு புரதம் பூசியிருக்கிறது, அது மடிப்புக் குலையாமல் இருக்கிறதா, எத்தனை தடவை கழுவினார்கள், எந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) கிட், எந்தக் கம்பெனி, கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது, எல்லாம் சேர்ந்த ஒரு வெளிச்சம் அது. மணியில் இடம் நிரம்பிவிட்டால் ஆன்டிபாடி பத்து மடங்கு இருந்தாலும் எண் அதற்கு மேல் ஏறாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தக் கிட்டுகளை உண்டா இல்லையா என்று சொல்லும் டெஸ்ட்டாகத்தான் அனுமதித்திருக்கிறது. அதை அளவு சொல்லும் டெஸ்ட்டாகப் பயன்படுத்திக்கொண்டது நாங்கள்தான், வேறு வழி இல்லாததால். ஒரே சீரத்தை ஒரே லேபில் அடுத்தடுத்த நாள் ஓட்டினாலே 1,400 என்பது 1,100 ஆகவோ 1,700 ஆகவோ வரலாம், அதில் யாரும் அதிர்ச்சி அடைய மாட்டோம். ஆனால் 1,400-க்கும் 9,800-க்கும் நடுவில் உள்ள தூரத்தை இந்த ஆட்டம் மட்டும் விளக்காது. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சந்தேகப்படுவது ப்ரோசோன் என்கிற கோளாறை. கேட்கத் தலைகீழாக இருக்கும்: ஆன்டிபாடி மிக அதிகமாக இருப்பதாலேயே எண் குறைவாக வருவது. மணியின் மேல் ஆன்டிபாடிகள் நெருக்கமாகப் போய் ஒட்டும்போது, சீரத்திலேயே இருக்கும் காம்ப்ளிமென்ட் விழித்துக்கொள்கிறது. காம்ப்ளிமென்ட் புரதங்களில் முதலாவதான சி1 வந்து அமர்கிறது, அதைத் தொடர்ந்து சி4, சி3 துண்டுகள் மணியின் மேல் படிகின்றன. சுவரில் ஒட்டிய போஸ்டர் மேல் இன்னொரு போஸ்டர் ஒட்டினால் அடியில் இருப்பது யார் முகம் என்று தெரியாதில்லையா, அந்த மாதிரி ஐஜிஜி-யைத் தேடி வரும் ஒளிரும் ஆன்டிபாடிக்கு அடியில் இருப்பது எட்டாமல் போகிறது. கருவி அப்பாவியாக 1,400 என்று எழுதும். 2011-வாக்கில்தான் இந்தக் காம்ப்ளிமென்ட் காரணம் தெளிவாக நிறுவப்பட்டது. அதற்கு முன்னால் ஐஜிஎம் என்ற இன்னொரு ஆன்டிபாடி வகை மேல்தான் எல்லாப் பழியும் விழுந்தது. ஐஜிஎம்மும் குறுக்கிடும் என்பது உண்மைதான், அதை உடைக்க டிடிடி என்ற வேதிப்பொருளைப் போடுவார்கள்.

இதற்கு மருந்து கேவலமான அளவுக்கு எளிது. சீரத்தில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் சேர்த்துவிட வேண்டும். சி1 கட்டுக்குலையாமல் நிற்பதற்குக் கால்சியம் வேண்டும், ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கதை முடிந்தது. அல்லது சீரத்தை 1:8, 1:16 என்று நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். நீர்க்க நீர்க்க எண் ஏறினால் ப்ரோசோன் என்று நிச்சயம். இரண்டாவது லேப் ஈடிடிஏ போட்டு, முதல் லேப் போடாமல் ஓட்டியிருந்தால் உங்கள் இரண்டு எண்களும் அச்சு அசலாக இப்படித்தான் வரும். அப்படியென்றால் அக்காவிடம் இருப்பது பலவீனமான ஆன்டிபாடி என்று முதல் ரிப்போர்ட்டை வைத்து நினைத்தது மிகவும் ஆபத்தான தலைகீழ் முடிவு. ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "சீரத்துக்கு ஈடிடிஏ போட்டீர்களா, நீர்த்துப் பார்த்தீர்களா" என்ற ஒரு கேள்வியை முதல் லேபில் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, ஒழுங்கான லேப் அதற்குக் கோபப்படாது.

ப்ரோசோன் இல்லையென்றால் இன்னும் மூன்று சாத்தியங்கள். அந்த மூன்று வாரத்துக்குள்ளோ அதற்குச் சற்று முன்போ ரத்தம் ஏற்றினார்களா? ரத்தம் ஏற்றி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஆன்டிபாடி உண்மையாகவே எகிறலாம், அப்போது இரண்டு லேபும் சரி, மாறியது அக்காவின் உடம்பு. அடுத்தது, டிக்யூ புரதம் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு சங்கிலிகள் சேர்ந்தது. டிக்யூ7 என்ற பெயர் பீட்டா சங்கிலிக்கு மட்டும். கிட்டில் வேறு வேறு ஆல்ஃபாவோடு ஜோடி சேர்த்து ஒன்றுக்கு மேற்பட்ட டிக்யூ7 மணிகள் இருக்கும். ஒரு லேப் அவற்றின் சராசரியைப் போட்டு, இன்னொரு லேப் மிக உயர்ந்ததைப் போட்டிருந்தால் ஒரே தரவிலிருந்து இரண்டு எண் வரும். இங்கே சரியான வழி, கணவருக்கு உயர் தெளிவில் டைப்பிங் (என்னென்ன எச்எல்ஏ இருக்கிறது என்று கண்டறியும் டெஸ்ட்) செய்து, அவருடைய ஆல்ஃபா எது என்று பார்த்து, அந்த ஜோடி உள்ள மணியை மட்டும் படிப்பது. பல ரிப்போர்ட்டுகளில் டோனரின் டிக்யூ ஆல்ஃபா டைப்பிங்கே இருக்காது. எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம் இது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆன்டிபாடியைத் துல்லியமாகத் தேடிவிட்டு, எதற்கு எதிராகத் தேடுகிறோம் என்பதை அரைகுறையாக விட்டுவிடுவது. மூன்றாவது, இரண்டு கம்பெனிகளின் கிட்டுகளில் ஒரே புரதம் பூசப்பட்ட அளவும் தரமும் வேறு, எனவே எண்ணும் வேறு.

எண் அளவுக்கு மீறி அதிகமாக வருகிற பக்கமும் இருக்கிறது, நியாயத்துக்கு அதையும் சொல்லிவிட வேண்டும். புரதத்தை மணியில் பூசும்போது சில மூலக்கூறுகள் மடிப்புக் குலைந்து, உயிருள்ள அணுவில் ஒருபோதும் வெளியே தெரியாத பகுதிகளைக் காட்டிவிடும். அந்தப் பகுதிகளுக்கு எதிரான ஆன்டிபாடி பலர் ரத்தத்தில் சும்மாவே இருக்கிறது. 2008-இல் மெக்சிகோவில் ரத்தமே ஏற்றாத, உறுப்பு மாற்றே செய்யாத 424 ஆரோக்கியமான ஆண்களைச் சோதித்ததில் 63 சதவீதம் பேரிடம் இந்த மணிகளில் எச்எல்ஏ ஆன்டிபாடி தெரிந்தது. கர்ப்பம் இல்லை, ரத்தம் இல்லை, கிட்னி இல்லை, எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி இந்த மாதிரிக் குலைந்த புரதத்தின் வேலை, உண்மையான கிட்னியை அது தொடாது. இதைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது நோயாளியின் சொந்த எச்எல்ஏ மணிகளை: தன் புரதத்துக்கே ஒருவர் பாசிட்டிவ் காட்டினால் மணியில்தான் கோளாறு. இன்னொரு கம்பெனியின் கிட்டில் ஓட்டிப் பார்ப்பது, ஃப்ளோ கிராஸ்மேட்ச்சில் உண்மையான அணுவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது ஆகியவையும் உண்டு. உங்கள் அக்காவுக்கு இது பொருந்துமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவு. கணவருடைய டிக்யூ7 பிள்ளைகளில் ஒருவருக்காவது போயிருந்தால், கர்ப்பத்தின்போது அந்தப் புரதத்தை அக்காவின் உடம்பு ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. பிள்ளைகளுக்கு டைப்பிங் செய்திருந்தால் அதையும் பாருங்கள். செய்யாவிட்டால் இதற்காகச் செய்ய வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவர் கிட்னி தரும்போது லேபில் நாங்கள் கூடுதல் கவனத்தோடு இருப்பதற்குக் காரணமே இதுதான். வரலாற்றோடு பொருந்துகிற ஆன்டிபாடியை மணியின் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது.

இன்னொரு மறைவிடம் பகிர்ந்த அடையாளங்கள். சில ஆன்டிபாடிகள் ஒரே ஒரு எச்எல்ஏ-வைக் குறிவைப்பதில்லை, பல எச்எல்ஏ-க்களில் பொதுவாக இருக்கும் ஒரு சிறு பகுதியைக் குறிவைக்கும். பிடபிள்யூ4, பிடபிள்யூ6 பழைய உதாரணங்கள். ஒரே சீரத்தில் உள்ள ஆன்டிபாடி பத்து முப்பது மணிகளுக்குப் பங்கு போய்விடுவதால் ஒவ்வொரு மணியிலும் எண் சாதாரணமாகத் தெரியும். கிட்னியில் பங்குபோட ஆள் இல்லை, எல்லாம் அங்கேயே இறங்கும். எனவே டிக்யூ7 மணியை மட்டும் பார்க்காமல், டிக்யூ8, டிக்யூ9 மணிகளும் சேர்ந்து ஏறியிருக்கின்றனவா என்று முழுப் பட்டியலையும் ஒருவர் கண்ணால் ஓட்ட வேண்டும். பிடிஎஃப்பில் கடைசிப் பக்கத்து "கட்-ஆஃப் 1,000, பாசிட்டிவ்" என்ற ஒரு வரியைப் படிப்பது ரிப்போர்ட் படிப்பது ஆகாது.

யாரும் எதுவும் செய்யவில்லையா என்று கேட்டீர்கள். நிறையச் செய்திருக்கிறார்கள், ஆனால் செய்தித்தாளில் வருகிற மாதிரி இல்லை. மிகப் பெரிய முன்னேற்றம் எல்லா லேபும் ஒரே செய்முறையைப் பின்பற்றியதால்தான் வந்தது. அமெரிக்காவில் சில லேப்கள் கூடி ஒரே சீரத்தை, ஒரே லாட் கிட்டில், ஒரே எழுத்துப்பூர்வமான செய்முறையில் ஓட்டிப் பார்த்தபோது லேபுக்கு லேப் வித்தியாசம் கணிசமாகக் குறைந்தது. 2013-இல் வெளியானது அந்த வேலை. ஈடிடிஏ-வை எல்லாச் சீரத்துக்கும் வழக்கமாகப் போடுவது, கழுவுவதைக் கையால் செய்யாமல் இயந்திரத்திடம் விடுவது, ஒவ்வொரு ஓட்டத்திலும் தெரிந்த பாசிட்டிவ் சீரம் ஒன்றை வைத்து அதன் எண் காலப்போக்கில் எங்கே நகர்கிறது என்று வரைபடம் போடுவது, லாட் மாறும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஓட்டுவது, வெளியிலிருந்து பெயரில்லாமல் வரும் சீரத்தைச் சோதித்து விடை அனுப்பி மதிப்பெண் வாங்குவது. எல்லாம் சலிப்பூட்டும் வேலை. புதுக் கருவி வாங்கினால் திறப்பு விழா உண்டு, லாட் ஒப்பீட்டுக்கு ஒரு டீ கூடக் கிடையாது. ஆனாலும் என் அனுபவத்தில் ஒரு லேபின் டிஎஸ்ஏ எண்ணை நம்பலாமா என்பதை இந்த வேலைகள்தான் தீர்மானிக்கின்றன. முன்னேற்றங்களில் நான் மிகவும் மதிப்பது டைட்டர், அதாவது சீரத்தை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய் எந்த இடத்தில் ஆன்டிபாடி மறைகிறது என்று பார்ப்பது. ப்ரோசோன், மணி நிரம்புதல் இரண்டையும் ஒரே அடியில் கடந்துவிடும். 9,800 காட்டும் இரண்டு பேரில் ஒருவருடையது 1:4-லேயே மறைந்துவிடும், இன்னொருவருடையது 1:256 வரை பிடிவாதமாக நிற்கும், இருவரும் ஒன்றில்லை. குறை என்னவென்றால் ஒவ்வொரு நீர்த்தலுக்கும் மணி செலவாகும், மணி விலை உங்களுக்குத் தெரியும்.

சி1க்யூ டெஸ்ட் செய்யலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஆன்டிபாடி வெறுமனே ஒட்டுகிறதா, காம்ப்ளிமென்ட்டையும் கூப்பிடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். 2013-இல் பாரிஸ் குழு 1,016 கிட்னி நோயாளிகளைப் பின்தொடர்ந்து வெளியிட்டதில், மாற்றுக்குப் பிறகு சி1க்யூ-வைப் பிடிக்கும் டிஎஸ்ஏ உள்ளவர்களுக்கு ஐந்து வருஷத்தில் 54 சதவீதம் கிட்னிகளே பிழைத்திருந்தன. டிஎஸ்ஏ இருந்தும் சி1க்யூ-வைப் பிடிக்காதவர்களுக்கு 93, டிஎஸ்ஏ-வே இல்லாதவர்களுக்கு 94. இதைப் பார்த்ததும் எல்லோரும் சி1க்யூ பக்கம் ஓடினோம். அந்த எண்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சி1க்யூ ஒரு தனிக் குணத்தைக் காட்டுகிறதா, இல்லை ஆன்டிபாடி நிறைய இருக்கிறது என்பதையே வேறு வழியில் சொல்கிறதா என்பதில்தான் சர்ச்சை. பாசிட்டிவ் சீரத்தை நீர்த்தால் சி1க்யூ நெகட்டிவ் ஆகிவிடுவதையும், நெகட்டிவைச் செறிவாக்கினால் பாசிட்டிவ் ஆவதையும் பலர் காட்டியிருக்கிறார்கள். நல்ல டைட்டர் கையில் இருந்தால் சி1க்யூ பெரிதாகப் புதிதாக எதுவும் சொல்லாது என்பது என் கருத்து, ஒத்துக்கொள்ளாத நல்ல லேப்காரர்களும் உண்டு. சி3டி, ஐஜிஜி துணை வகைகள், எச்எல்ஏ அல்லாத ஆன்டிபாடிகள் (ஏடி1ஆர் மாதிரி) இவையெல்லாம் ஆராய்ச்சியில் சுவாரசியமானவை, ஆனால் உங்கள் அக்காவின் முடிவை இவற்றை வைத்து எடுக்கும் அளவுக்கு இன்னும் கெட்டிப்படவில்லை. கட்-ஆஃப் எண் எவ்வளவு என்பதும் அப்படித்தான், 500 என்பவர்கள், 1,000 என்பவர்கள், 3,000 என்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட எண் கிடையாது.

நிச்சயமாகச் சொல்லக்கூடியவை இரண்டு. கிராஸ்மேட்ச் நெகட்டிவாக இருந்தாலும் மணிகளில் தெரியும் டிஎஸ்ஏ-வுக்கு அர்த்தம் உண்டு: ஏழு ஆய்வுகளின் 1,119 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2012 அலசலில், ஃப்ளோ கிராஸ்மேட்ச் நெகட்டிவாக இருந்தும் டிஎஸ்ஏ இருந்தவர்களுக்கு ஆன்டிபாடி வழி நிராகரிப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, கிட்னி இழப்பு 76 சதவீதம் அதிகம். இரண்டு மடங்கு என்றால் எல்லோருக்கும் நடக்கும் என்று இல்லை, பலர் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய வித்தியாசம் இல்லை. அடுத்தது, இன்றைய ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லை என்பது உடம்புக்கு ஞாபகம் இல்லை என்று ஆகாது. கர்ப்பத்தில் உருவான நினைவு அணுக்கள் வருஷக்கணக்கில் தூங்கிக் கிடந்து, அதே புரதம் திரும்பி வந்ததும் சில நாளில் எழுந்துவிடும். இதை எந்த மணியும் காட்டாது. பி அணுக்களை வளர்த்துப் பார்க்கும் முறைகள் சில ஆராய்ச்சி லேப்களில் இருக்கின்றன, நம் வழக்கமான பட்டியலில் இல்லை. அதனால்தான் எத்தனை கர்ப்பம், கருக்கலைப்பு உண்டா, எப்போது எத்தனை யூனிட் ரத்தம் என்ற கேள்விகளை லேப் ஃபாரத்தில் கேட்கிறோம். நிறையப் பேர் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறார்கள், வெட்கப்பட்டோ அவசரத்திலோ. முழுதாக நிரப்பச் சொல்லுங்கள்.

இப்போது செய்யவேண்டியது என்று பார்த்தால், மூன்றாவது லேபுக்கு ஓடாதீர்கள், மூன்றாவது எண் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். முடிந்தால் முதல் லேபில் சேமித்து வைத்திருக்கும் அதே பழைய சீரத்தையும், இன்று எடுக்கும் புதிய சீரத்தையும் ஒரே லேபில், ஒரே ஓட்டத்தில், ஈடிடிஏ போட்டும் நீர்த்தும் பக்கம் பக்கமாக ஓட்டச் சொல்லுங்கள். லேப்கள் சீரத்தை உறையவைத்துப் பாதுகாப்பது வழக்கம், கேட்டால் கொடுப்பார்கள். பழையதிலும் ஈடிடிஏ-வோடு 9,000 சொச்சம் வந்தால் ப்ரோசோன் உறுதி. பழையதில் 1,400-ஏ நின்று புதியதில் மட்டும் ஏறினால் ஆன்டிபாடி நிஜமாகவே வளர்ந்திருக்கிறது, டாக்டர் அதை வேறு மாதிரிப் பார்ப்பார். கூடவே பி அணு ஃப்ளோ கிராஸ்மேட்ச், கணவரின் டிக்யூ ஆல்ஃபா பீட்டா இரண்டும். இதையெல்லாம் ஐவிஐஜி, ரிட்டுக்ஸிமாப், ஏடிஜி என்று எதிர்ப்புச் சக்தியை மாற்றும் மருந்து எதையும் தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ரிட்டுக்ஸிமாப் பி அணுவின் மேலேயே போய் ஒட்டிக்கொள்வதால் அதற்கப்புறம் பி அணு கிராஸ்மேட்ச் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். ஐவிஐஜியும் ஏடிஜியும் கூட முடிவுகளைக் குழப்பும். எந்த மருந்து எந்தத் தேதியில் ஏறியது என்பதை லேபிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆன்டிபாடி நிஜமாகவே வலுவானது என்று தெரிந்தால் டீசென்சிடைசேஷன் (சிகிச்சையால் ஆன்டிபாடியைக் குறைப்பது) ஒரு வழி, இன்னொரு ஜோடியோடு டோனரை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப் இன்னொரு வழி. 2011 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஸ்வாப்புக்கு இந்தியாவில் தெளிவான இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், பொருத்தமான ஜோடி கிடைக்குமென்றால் ஆன்டிபாடியோடு மல்லுக்கட்டுவதைவிட அதைச் சுற்றிக்கொண்டு போவது நல்லது, ஆனால் இது டாக்டரோடு உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம்.

மாற்று சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும் டிஎஸ்ஏ பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். கனடாவில் வின்னிபெக் குழு பின்தொடர்ந்த 315 பேரில், முன்பு டிஎஸ்ஏ இல்லாதவர்களிடமே 15 சதவீதம் பேருக்குப் பின்னால் புதிதாக முளைத்தது, சராசரியாக 4.6 வருஷத்தில், அவர்களுடைய பத்து வருஷக் கிட்னி ஆயுள் 57 சதவீதம், முளைக்காதவர்களுடையது 96. மாத்திரையை ஒழுங்காகப் போடாதது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்தச் சோதனைகளை வருஷா வருஷம் ஒரே லேபிலேயே, கூடுமானால் ஒரே கம்பெனிக் கிட்டிலேயே செய்துகொள்ளுங்கள்; போன வருஷ எண்ணோடு இந்த வருஷ எண்ணை அப்போதுதான் ஒப்பிட முடியும். இரண்டு ரிப்போர்ட்டிலும் கிட் பெயர், லாட் எண், ஈடிடிஏ குறிப்பு மூன்றும் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். பெயர், மருத்துவமனை எண்ணையெல்லாம் மறைத்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் இங்கே போட்டால், மேலே சொன்ன சாத்தியங்களில் எது என்று இன்னும் கொஞ்சம் குறுக்கிச் சொல்ல முயல்கிறேன்.